எங்கள் வளவு மரங்களுக்குள் இருக்கும் இரும்பு: நடமாடும் வாளால் மரம் அரிவது எப்படி?

2013ஆம் ஆண்டு, எங்கள் வளவில் ஐயா நட்ட தேக்கு ஒன்றைத் தறித்து, அனுமதிப் பத்திரமும் எடுத்து, இரண்டு குற்றிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மரக்காலைக்குப் போனேன். மரக்காலைக்காரர் முதலில் கேட்டது மரத்தின் அளவை அல்ல, ஊரை.

"எந்த இடத்து மரம் தம்பி?"

"புதுக்குடியிருப்புப் பக்கம் அண்ணை."

"அப்ப ஏலாது. போன மாதமும் உங்கட பக்கத்து மரம் ஒண்டை ஏத்தி வாள் முழுக்கப் பல்லுப் போட்டுது. விறகுக்கெண்டா இறக்கிப்போட்டுப் போங்கோ."

அவரில் பிழை சொல்ல முடியாது. பெரிய வாள் ஒன்று செல் துண்டில் பட்டால் அன்றைய வேலை முழுதும் நின்றுவிடும். தெறிக்கும் இரும்பு ஆளையும் பதம் பார்க்கும். ஆனால் எங்கள் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டம் கட்டமாகக் கிடைத்த தொகை 5,50,000 ரூபா. சுவரும் கூரையும் எழும்பவே பல குடும்பங்களுக்கு அது போதவில்லை. கதவு நிலையும் யன்னலும் வைக்கக் காசில்லாமல் வாசலில் தறப்பாள் தொங்கிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. வளவில் மரம் நின்றது. அதை அரிய ஆளில்லை.

குற்றிகளைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அடுத்த ஆண்டு கனடாவில் இருக்கும் மச்சான், செயின்சோவில் பூட்டிப் பலகை அரியும் சட்டகம் ஒன்றை அனுப்பினார். 2017இல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பெற்றோலில் ஓடும் சிறிய பட்டைவாள் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அன்றிலிருந்து வீடு வீடாகப் போய் அரிந்ததில் கற்றுக்கொண்டவற்றை, வளவில் மரம் வைத்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குற்றி அசையாது, வாள் அசையும்

மரக்காலையில் வாள் ஓரிடத்தில் நிற்கும், குற்றி அதை நோக்கிப் போகும். நடமாடும் வாளில் இது தலைகீழ். குற்றியை இரண்டு தண்டவாளச் சட்டங்களுக்கு நடுவே கிடத்தி இறுக்கிவிடுவோம். வாள் பூட்டிய தலைப்பகுதி அந்தத் தண்டவாளத்தில் உருண்டு போய்க் குற்றியை நீளவாட்டில் அரியும். ஒவ்வொரு முறையும் தலைப்பகுதியை வேண்டிய தடிப்புக்கு இறக்கிக்கொள்ளலாம். முன்பு எங்கள் ஊர்களில் கிடங்கு வெட்டி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று வாள் இழுத்ததும் இதே வேலைதான். இழுக்கும் கைகளின் இடத்தில் இப்போது இயந்திரம் இருக்கிறது.

எங்களிடம் இரண்டு வகையும் உண்டு. செயின்சோச் சட்டகம் மலிவு, தோளில் தூக்கிப் போகலாம், உழவு இயந்திரம் போகாத இடத்திலும் அரியலாம். ஆனால் ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 3/8 அங்குல மரம் தூளாகப் போகும். பட்டைவாளில் வெட்டின் அகலம் 1/12 அங்குலமளவில்தான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன்.

செயின்சோவால் பலகை அரிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் சங்கிலியின் பல் மரத்தைக் குறுக்காகத் தறிப்பதற்காக ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாட்டில் அரிய அது பொருந்தாது. இயந்திரம் சூடேறும், பலகையும் கரடுமுரடாக வரும். பல்லை 10 பாகைச் சாய்வுக்கு அரத்தால் தீட்டிக்கொண்டால் ஓட்டம் சீராக இருக்கும்.

முதல் வேலை, இரும்பைத் தேடுவது

போர் நடந்த மண்ணில் மரம் அரிபவருக்கு அளவுநாடாவுக்கு முன்னர் தேவைப்படுவது கண்.

மரம் நுனியில்தான் உயரும். அடிமரம் பருக்கும், ஆனால் மேலே ஏறாது. அதனால் நெஞ்சு உயரத்தில் பாய்ந்த துண்டு இருபது வருடம் கழித்தும் நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். மாறுவது ஆழம் மட்டும். ஒவ்வொரு வருடமும் பட்டைக்கு உள்ளே புதிய மரம் படிவதால் துண்டு உள்ளே போய்க்கொண்டிருப்பதுபோல் தெரியும். அன்று பாய்ந்த ஆழத்தோடு அதன்பின் மரம் பருத்த அளவையும் கூட்டினால், எவ்வளவு உள்ளே தேட வேண்டும் என்று ஊகிக்கலாம். தேக்கில் வருட வளையம் தெளிவாகத் தெரியும். நான் திருப்பிக் கொண்டுவந்த குற்றியின் அடிமுகத்தைச் சீவிப் பார்த்தபோது, பட்டையிலிருந்து உள்நோக்கி நாலு வளையம் தாண்டி ஒரு பக்கத்தில் வளையங்கள் வளைந்து காயத்தை மூடியிருந்தன. தறித்தது 2013. நாலைக் கழித்தால் எந்த வருடம் என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லத் தேவையில்லை.

பனையும் தென்னையும் வேறு வகை. அவற்றுக்கு வருடா வருடம் புதிய மரம் படியும் படை கிடையாது. பட்ட காயத்தை அவை மூடுவதில்லை. செல் பட்ட பனையில் அந்தத் துளை இன்றைக்கும் வெளியே தெரிவது அதனால்தான். பனையைப் பார்த்தவுடனேயே கணக்கெடுத்துவிடலாம். வேம்பும் தேக்கும் மாவும்தான் விழுங்கி மறைத்துவிடுபவை.

மறைந்ததைக் காட்டிக்கொடுப்பது நிறம். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். அந்தக் கறை நாரின் வழியே மேலும் கீழும் நீளமாக ஓடும். குற்றியின் முகத்தைக் கூரிய உளியால் மெல்லச் சீவி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வைரத்திலோ வெள்ளையிலோ மைக்கறை போன்ற புள்ளி தெரிந்தால் அந்தக் கோட்டில் எங்கோ இரும்பு இருக்கிறது. பட்டையில் வாய் மூடியதுபோன்ற தழும்பு, காரணமில்லாத வீக்கம், கொம்பர் இல்லாத இடத்தில் முடிச்சு ஆகியவற்றையும் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுங்கள்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தோடு ஒட்டி இழுத்தால், மேற்பரப்பை ஒட்டியிருக்கும் இரும்பை அது காட்டும். சுவருக்குள் கம்பி தேட மின்வேலைக்காரர் பாவிக்கும் சிறிய கருவி அதைவிடச் சற்று ஆழம் பார்க்கும். ஆனாலும் இவை குற்றியின் நடுவரை பார்க்காது. ஆகவே ஒருமுறை பார்த்தோம் என்று விடக்கூடாது. ஒவ்வொரு பலகை எடுத்த பின்னரும் திறந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டும். நிலத்தில் உலோகம் தேடும் பெரிய கருவியை அனுமதியில்லாமல் வாங்கவோ இரவல் எடுக்கவோ வேண்டாம். புதையல் தோண்டுபவர் என்ற சந்தேகத்தில் பொலிஸ் நிலையம் போக வேண்டி வரும்.

எங்கள் வேப்ப மரம் ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதில் செல் துண்டு நிறைய இருக்கும் என்று பயந்து பழைய வாளைப் பூட்டி அரிந்தோம். கிடைத்த செல் துண்டுகள் இரண்டு. ஆணிகள் பதினேழு. எல்லாம் இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் இடையில். 2009 தொடக்கத்தில் நாங்கள் அந்த வளவை விட்டுப் போன பிறகு, மேற்கிலிருந்து வந்த சனம் அங்கே தங்கியிருந்திருக்கிறது. தறப்பாள் கட்ட அடித்த ஆணிகள் அவை. இரண்டு மூன்று ஆணிகளில் கயிற்றுத் தும்பும் மரத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. யார் அடித்தார்கள், அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த ஆணிகளை அம்மா ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருக்கிறார்.

அதன்பின் வேறு வளவுகளிலும் இதைத்தான் கண்டேன். வேலிக்கு அடித்த முட்கம்பிக் கிளிப்பு, மாடு கட்டிய வளையம், ஊஞ்சல் கொக்கி, லாம்பு கொழுவிய ஆணி என்று மனிதர் அடித்த இரும்பே பெரும்பாலும் கூட. செல் விழுந்த திசையை மட்டும் பார்த்தால் போதாது. மரத்தோடு யார் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கை வைக்கக்கூடாதவை

சிதறிய செல் துண்டும் சுட்டுப் பாய்ந்த சன்னமும் வெறும் உலோகம். வாளைக் கெடுக்கும், வெடிக்காது. சன்னத்தின் ஈயமும் செம்பும் மென்மையானவை. வாள் பெரும்பாலும் அதை அறுத்துக்கொண்டே போய்விடும். செல்லின் உருக்குத் துண்டுதான் பல்லைத் தின்னும்.

ஆனால் உருளை வடிவில் முழுதாக ஒன்று, சிறகு போன்ற வால், திருகுமுனை என்று எதைக் கண்டாலும் அது துண்டு அல்ல. இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் விலக வேண்டும். இழுத்துப் பார்க்கவோ தட்டிப் பார்க்கவோ கூடாது. இடத்துக்கு அடையாளம் வைத்துப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றுவோர் வந்து பார்க்கட்டும். மரப் பொந்துக்குள் கை விடாமல் ரோச் லைட் அடித்துப் பாருங்கள். துப்புரவு செய்யாத நிலத்தில் அடிக்கட்டையைக் கிண்டவோ, சருகையும் பட்டையையும் குவித்து எரிக்கவோ வேண்டாம். மண்ணுக்குள் இருப்பதை நெருப்பும் எழுப்பும்.

குற்றியின் கணக்கு

எங்கள் நாட்டில் குற்றியைப் பெரும்பாலும் சுற்றளவின் கால்பங்கைக் கொண்டே அளக்கிறார்கள். நடுப்பகுதியின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் கால்பங்கு 12 அங்குலம், அதாவது ஓரடி. விடை 10 கன அடி. அதே குற்றியில் உண்மையாக இருக்கும் மரம் ஏறக்குறைய 12¾ கன அடி. அரியும்போது போகும் கழிவுக்கென்று ஒரு பங்கு ஏற்கனவே கழிந்துவிட்டது. மரம் விற்பவர் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

இந்தக் குற்றியின் குறுக்களவு ஏறக்குறைய 15¼ அங்குலம். நேரான குற்றியானால் அதற்குள் 10¾ அங்குலச் சதுரக் கட்டை ஒன்று எடுக்கலாம். அதிலிருந்து நாலுக்கு இரண்டு சட்டம் வேண்டும் என்று வைப்போம். காய்ந்தால் சுருங்கும் என்பதால் 2 அங்குலத்துக்குத் தேக்கில் 1/16 அங்குலம் கூட்டி அரிவோம். வேறு மரங்களுக்கு 1/8 கூட்டுவது நல்லது.

பட்டைவாளில் 2 அங்குலப் பலகை ஐந்து வரும். ஒவ்வொன்றையும் கிழித்தால் நாலுக்கு இரண்டு இரண்டும், இரண்டுக்கு இரண்டு ஒன்றும். மொத்தம் 10 சட்டமும் 5 சலாகையும். செயின்சோவில் அதே கட்டையில் 2 அங்குலப் பலகை நாலும் ஓரங்குலப் பலகை ஒன்றும்தான். நாலுக்கு இரண்டு சட்டம் 8 மட்டுமே கிடைக்கும். ஓரத்தில் மிஞ்சுவதும் 2 அங்குலத்துக்குக் குறைவு. கதவு நிலை செய்பவருக்கு இரண்டு சட்டம் என்பது ஒரு நிலையின் இரு பக்கத் தூண்கள்.

அரியும் ஒழுங்கு

குற்றியை ஏற்றுமுன் பட்டையை உரித்து மண்ணைக் கழுவுங்கள். வாளை மழுங்கச் செய்வதில் இரும்புக்கு அடுத்தது மணல். அலவாங்கும் இரண்டு சாய்ந்த மரமும் இருந்தால் பெரிய குற்றியையும் உருட்டி ஏற்றலாம். ஏற்றும்போது குற்றி உருளும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது.

அடி பருத்தும் நுனி மெலிந்தும் இருக்கும். அப்படியே கிடத்தினால் நடுமையம் சாய்ந்திருக்கும். நுனிப்பக்கத்துக்கு ஆப்பு வைத்து உயர்த்தி, இரு முகத்திலும் நடுமையம் படுக்கையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். முதல் வெட்டில் பட்டைப் பக்கத்தை எடுத்து, அந்தத் தட்டையான முகம் கீழே வரத் திருப்பி எதிர்ப்பக்கம் எடுக்க வேண்டும். பிறகு கால் திருப்பம் திருப்பி மற்ற இரண்டு பக்கங்களையும் எடுத்தால் சதுரக் கட்டை கிடைக்கும்.

நடுமையம் உள்ள துண்டு கட்டாயம் வெடிக்கும், முறுகும். அதனால் மேலே சொன்ன ஐந்து பலகைகளில் நடுப்பலகையை மட்டும் 4, 2, 4 என்ற ஒழுங்கில் கிழிப்போம். நடுமையம் அந்த இரண்டுக்கு இரண்டு சலாகைக்குள் போய்விடும். அதைக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், கதவுக்கு எடுக்க வேண்டாம்.

வாளில் தண்ணீரும் சிறிது சவர்க்காரமும் சொட்ட விட்டால் பிசின் ஒட்டாது. கடினமரத்தில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் பல் மழுங்கும். பலகையில் அலை அலையாகக் கோடு விழுந்தால் வாளை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சந்தேகமான குற்றிக்குத் தீட்டித் தீட்டித் தேய்ந்த பழைய வாளையே பூட்டுங்கள்.

இரும்பில் பட்டால் சத்தம் மாறும், பொறி பறக்கும். உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். ஓடும் வாளைப் பின்னுக்கு இழுத்தால் பட்டை சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். வெட்டுக்குள் மர ஆப்பு அடித்து இடைவெளியை விரித்து, நின்ற வாளை மெல்ல வெளியே எடுத்து, துண்டை உளியால் தோண்டி எடுங்கள். கண்ணாடி, காதடைப்பு, முகமூடி மூன்றும் வேண்டும். வேப்பந்தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும்.

அடுக்கிக் காயவைத்தல்

நல்ல பலகை கெடுவது அரியும்போது அல்ல, காயும்போது. குற்றி தறித்த அன்றே இரு முகத்துக்கும் பழைய பெயின்ற் பூசிவிடுங்கள். ஈரம் முகத்தால் வேகமாகப் போவதால்தான் நுனி வெடிக்கிறது.

நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்திக் கல் வைத்து, அதன்மேல் அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஓரங்குலக் காய்ந்த சலாகை, ஒன்றரை அடிக்கு ஒன்று. எல்லாச் சலாகையும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்; விலகினால் பலகை அந்த இடத்தில் வளையும். மேலே தகரமும் பாரமும் வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் அனல்காற்று நேரே படாமல் கிடுகு கட்டி மறைப்பது நல்லது. வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். கறையான் வராமல் அடிக்கல்லைச் சுற்றி அடிக்கடி பாருங்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய இலகுவான வழி தராசு. ஒரு பலகையை அடையாளமிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். நிறை குறைவது நின்றால் ஓடாவியைக் கூப்பிடலாம். அதற்கு முன்னர் கூப்பிட்டால் மாரியில் பூட்டும் கதவு கோடையில் இடைவெளி காட்டும்.

அனுமதி

உங்கள் வளவு மரம் என்றாலும் சட்டம் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. மற்ற மரங்களுக்கும், மரத்தை வீதியால் ஏற்றிச் செல்வதற்கும் என்ன பத்திரம் தேவை என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். முதிரையும் பாலையும் காட்டில் வெட்டியதா, காணியில் வெட்டியதா என்ற கேள்வி கட்டாயம் வரும். காணி உறுதியையும் அனுமதிக் கடிதத்தையும் கையோடு வைத்திருங்கள். செயின்சோ பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கூலிக்கு மரம் அரிபவர் வனவளத் திணைக்களத்தில் தன் இயந்திரத்தின் பதிவு பற்றிக் கேட்டுத் தெளிந்த பின்னரே தொழிலைத் தொடங்க வேண்டும்.

மரக்காலை ஏற்க மறுத்த அந்த இரண்டு தேக்குக் குற்றிகளையும் கடைசியில் வளவுக்குள்ளேயே அரிந்தோம். செல் துண்டு இருந்த இடத்தில் முக்கால் அடி நீளம் வெட்டி எறிந்தோம். மிச்சத்தில் முன்வாசல் நிலையும் இரண்டு யன்னலும் வந்தன. நிலையின் வலப்பக்கத் தூணில், மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை ஒன்று இருக்கிறது. ஓடாவி அதைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் விடவா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வருபவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து மரம் உக்குதோ என்று கேட்பார்கள். உக்கவில்லை. இரும்பை எடுத்தாயிற்று, மரம் காய்ந்துவிட்டது, கறை இனிப் பரவாது. உங்கள் வளவிலும் அப்படி ஒரு மரம் நின்றால், விறகு விலைக்குக் கொடுப்பதற்கு முன்னர் அதன் முகத்தை ஒருமுறை சீவிப் பாருங்கள்.